வெயிலோடு ஒத்துழைக்கும் விளக்கு: வெளிப்புற உருவப்படங்களுக்கு ஃபிளாஷ் தேர்ந்தெடுத்தல்

சூரியன் உச்சியில் நின்று காயும்போது ஒரு மனிதருடைய முகத்தைப் படம் எடுப்பதற்கு இன்னொரு விளக்கு எதற்கு என்ற சந்தேகம், காமிராவைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்கு மட்டுமின்றி, படம் எடுத்துக்கொள்ள வந்து நிற்பவர்களுக்கும் எழுவது இயல்பே. வெளியிடத்தில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த வெளிச்சம் ஒரே திசையிலிருந்து, அதுவும் பெரும்பாலும் தலைக்கு மேலிருந்து, ஈவிரக்கமின்றி விழுகிறது. புருவத்தின் நிழல் கண்குழியை மூடிக்கொள்ள, மூக்கின் நிழல் மேலுதட்டின்மீது கறுத்து விழ, நெற்றியின் வியர்வை மட்டும் பளபளக்க, எவ்வளவு அழகிய முகமும் படத்தில் களையிழந்து போகிறது. வெயிலுக்கு முதுகைக் காட்டி நிறுத்தினால் கூந்தலின் ஓரம் பொன்விளிம்பு பெறும்; ஆனால் முகம் இருண்டுவிடும். முகம் தெளியும்படி காமிராவைத் திருத்தினாலோ, பின்னாலுள்ள ஆகாயமும் கடலும் வெளுத்து ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். இவ்விரண்டு சங்கடங்களுக்கும் நடுவே சமரசம் செய்துவைப்பதற்காகவே வெளிப்புறப் படப்பிடிப்பில் ஃபிளாஷ் தேவைப்படுகிறது.

சில காமிராக்களின் தலையிலேயே துள்ளி எழும் சிறிய ஃபிளாஷ் ஒன்று இருக்கிறது. அது இந்த வேலைக்குப் போதாது. அதன் பலம் குறைவு என்பது ஒரு காரணம். லென்ஸுக்கு மிக அருகில் இருந்துகொண்டு நேரே ஒளி வீசுவதால் முகத்தின் மேடுபள்ளங்களை அழித்துத் தட்டையாக்கிவிடுகிறது என்பது மற்றொரு காரணம். ஆகவே தனியே ஒரு ஃபிளாஷ் வாங்கியே ஆகவேண்டும் என்ற முடிவுக்கு வந்த வாசகருக்கு, கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கும் சாதனங்களில் எதை எடுப்பது, எதற்குப் பணம் கொடுப்பது, எதற்குக் கொடுக்காமல் இருப்பது என்பதை விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

முதலில் சூரியனை அளத்தல்

அறைக்குள் எரியும் விளக்குகள் பலவீனமானவை. எந்தச் சிறிய ஃபிளாஷும் அவற்றை எளிதில் மிஞ்சிவிடும். வெளியிலோ நம் ஃபிளாஷ் சூரியனுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யவேண்டியிருக்கிறது. மேகமற்ற பகலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100 விநாடி, அபெர்ச்சர் எஃப் 16 என்று வைத்தால் வெயில் படும் பொருள் சரியாகப் பதியும் என்பது, ஃபிலிம் காலத்திலிருந்து புகைப்படக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு. ஷட்டரை 1/200 விநாடிக்கு உயர்த்தினால் அதற்கு ஈடாக அபெர்ச்சரை எஃப் 11-க்குத் திறக்கவேண்டும். இந்த எஃப் 11 என்ற எண்ணை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். நாம் வாங்கப்போகும் ஃபிளாஷின் யோக்கியதையை அதைக்கொண்டே பரீட்சிக்கப் போகிறோம்.

ஷட்டரை ஏன் 1/200-இல் நிறுத்தினோம் என்பதற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான காமிராக்களின் ஷட்டர் இரண்டு திரைகளால் ஆனது. முதல் திரை விலகி வழிவிட, இரண்டாம் திரை அதைத் தொடர்ந்து வந்து மூடுகிறது. குறைந்த வேகங்களில், ஒரு திரை முற்றிலும் விலகியும் மற்றொன்று புறப்படாமலும் சென்சார் முழுமையாகத் திறந்திருக்கும் ஒரு கணம் உண்டு. ஃபிளாஷ் மின்னவேண்டியது அந்தக் கணத்தில்தான். வேகம் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், முதல் திரை போய்ச் சேருமுன்பே இரண்டாம் திரை புறப்பட்டுவிடுவதால், திறப்பு ஒரு குறுகிய கீற்றாகிவிடுகிறது. மின்னிய ஒளி அந்தக் கீற்றில் மட்டும் பதிய, படத்தின் மற்றப் பகுதிக்கு அது எட்டுவதில்லை. இந்த எல்லைக்கு சிங்க் ஸ்பீடு என்று பெயர். இன்று புழக்கத்திலுள்ள காமிராக்கள் பலவற்றில் அது 1/160 முதல் 1/250 விநாடி வரை இருக்கிறது.

ஃபிளாஷின் ஒளியோ ஷட்டரைவிட அவசரக்காரப் பேர்வழி. கண்டென்சரில் சேமித்த மின்சாரம் செனான் வாயு நிரம்பிய குழாயில் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து ஒளிரும் இந்த முறையை, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1930-களில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் வளர்த்தெடுத்தார். அந்த ஒளி ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்குகளுக்குள் தோன்றி மறைந்துவிடுகிறது. ஆதலால் சிங்க் ஸ்பீடுக்கு உட்பட்டவரை ஷட்டரைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஃபிளாஷின் அளவு மாறாது. வெயிலின் அளவு மட்டுமே மாறும். அபெர்ச்சரோ இரண்டையும் ஒருங்கே கட்டுப்படுத்தும். வெளிப்புற ஃபிளாஷ் வித்தையின் ரகசியம் அனைத்தும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

கைடு நம்பரை வாசிக்கும் முறை

ஃபிளாஷின் பலத்தை கைடு நம்பர் என்ற எண்ணால் குறிப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 100-இல் அந்த எண்ணை அபெர்ச்சரால் வகுத்தால், முழு பலத்தில் ஃபிளாஷ் எத்தனை மீட்டர் தூரம்வரை போதும் என்பது விடையாக வரும். காமிராவோடு ஒட்டிய சிறு ஃபிளாஷின் எண் சுமார் 12. அதை நம் எஃப் 11-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அந்தத் தூரத்தில் நின்று எவர் முகத்தையும் கௌரவமாகப் படம் எடுக்க முடியாது.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் இந்த எண்ணை அப்படியே நம்பிவிடுவது விவேகமல்ல. ஃபிளாஷின் தலைக்குள் குழாய் முன்னும் பின்னும் நகர்ந்து ஒளியைக் குவிக்கவும் விரிக்கவும் செய்கிறது. குவித்தால் எண் பெருகும், விரித்தால் சுருங்கும். கேனான் நிறுவனம் தன் 600இஎக்ஸ்-ஆர்டி ஃபிளாஷுக்கு 60 என்று எண் கொடுப்பது 200 மி.மீ. அளவுக்கு ஒளியைக் குவித்த நிலையில். நிக்கான் நிறுவனம் தன் எஸ்பி-910-க்கு 34 என்று சொல்வது 35 மி.மீ. அளவுக்கு விரித்த நிலையில். கேனான் ஃபிளாஷையும் 35 மி.மீ. நிலையில் வைத்தால் அதன் எண் சுமார் 36-தான். அறுபதுக்கும் முப்பத்துநான்குக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டு மயங்கி ஒன்றை ராட்சதன் என்றும் மற்றொன்றை வாமனன் என்றும் எண்ணிக்கொள்பவர், உண்மையில் ஏறத்தாழச் சமபலமுள்ள இரண்டு சாதனங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகையால் எந்த ஃபிளாஷை ஒப்பிட்டாலும் 35 மி.மீ. நிலையில் அதன் எண் என்ன என்று விளக்கப் புத்தகத்தில் தேடிப் பார்த்து, அதை மட்டுமே ஒப்பிடவேண்டும்.

36 என்ற எண்ணை எஃப் 11-ஆல் வகுத்தால் 3.3 மீட்டர் கிடைக்கிறது. வெறும் ஃபிளாஷாக நேரே வீசினால், நண்பகல் வெயிலுக்கு ஈடுகொடுக்க அது தாராளமாகப் போதும். ஆனால் வெறும் ஃபிளாஷின் ஒளி கடுமையானது. வியர்த்த நெற்றியில் வெள்ளைத் திட்டு விழுத்தும், மூக்குக் கண்ணாடியில் எதிரொளிக்கும், பட்டுச் சேலையின் ஜரிகையைப் புள்ளி புள்ளியாக எரித்துவிடும். குடையோ சாஃப்ட்பாக்ஸோ மாட்டி அதை மென்மையாக்கினால் சுமார் இரண்டு ஸ்டாப் (ஒளி ஒருமுறை பாதியாவது ஒரு ஸ்டாப்) ஒளி விரயமாகிறது. அதாவது கைடு நம்பர் பாதியாகி 18-ல் வந்து நிற்கிறது. அப்போது எட்டும் தூரம் 1.6 மீட்டர். தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் ஒளி நான்கு மடங்கு வேண்டும் என்பது இயற்கையின் விதியாதலால், இதே போன்ற இன்னொரு ஃபிளாஷைச் சேர்த்தாலும் தூரம் இரட்டிப்பாகாது, ஏறக்குறைய 2.3 மீட்டராகத்தான் உயரும்.

கடற்கரையில் ஒரு காலைப்பொழுது

இந்தக் கணக்குகள் நடைமுறையில் எப்படி உருவெடுக்கின்றன என்பதைக் காட்ட, கல்யாணப் படக்காரர்கள் மணமக்களை அவுட்டோர் ஷூட்டுக்கு அழைத்துச் செல்லும் மாமல்லபுரம் கடற்கரையையே திருஷ்டாந்தமாக எடுத்துக்கொள்வோம். அது கிழக்குக் கடற்கரை. காலையில் சூரியன் கடலின் பக்கம் நிற்கும். கடலைப் பின்னணியாக வைத்து மணமக்களை நிறுத்தினால் வெயில் தானாகவே அவர்கள் முதுகின்மேல் விழும். பிற்பகலில் இதே இடத்தில் நிறுத்தினால் வெயில் முகத்துக்கு நேரே வந்து கண்களைச் சுருக்கவைக்கும். ஆகவே ஃபிளாஷோடு வேலை செய்ய விரும்புவோருக்குக் காலைப்பொழுதே அனுகூலமானது.

காலை பத்து மணி. ஐ.எஸ்.ஓ. 100, 1/200, எஃப் 11 என்று வைத்துக் கடலையும் ஆகாயத்தையும் நீலம் கெடாமல் பதிவு செய்துகொள்கிறோம். மணல் தரும் எதிரொளியால் முகம் முற்றிலும் கறுத்துப் போகாவிட்டாலும், பின்னணியைவிட இரண்டு ஸ்டாப்புக்குக் குறையாமல் இருண்டிருக்கும். இப்போது 36 எண்ணுள்ள ஃபிளாஷைக் குடையோடு ஸ்டாண்டில் மாட்டி, மணமகளின் கண்மட்டத்துக்குச் சற்று மேலாக, பக்கவாட்டில், 1.6 மீட்டர் தூரத்தில் நிறுத்துகிறோம். முழு பலத்தில் அது வெயிலுக்குச் சமமான ஒளியைத் தரும். ஆனால் சமமான ஒளி முகத்தில் விழுந்தால் படம் ஸ்டூடியோவில் திரைச்சீலைக்கு முன் எடுத்தது போலத் தோன்றுமாதலால், பாதி பலத்துக்கு இறக்கி வெயிலைவிட ஒரு ஸ்டாப் குறைவாக வைப்பதே உசிதம். விழிகளில் ஒரு சிறு ஒளிப்புள்ளி தோன்றும். கன்னத்தின் வடிவம் தெரியும். ஃபிளாஷ் போட்டதே தெரியாது. பாதி பலத்தில் வேலை செய்வதால் ஃபிளாஷும் சீக்கிரம் அடுத்த படத்துக்குத் தயாராகிவிடும்.

மணமகனையும் சேர்த்து இருவரையும் இடுப்பளவு எடுக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குடை படத்துக்குள் நுழையாதபடி அதை இரண்டேகால் மீட்டருக்குத் தள்ளவேண்டியிருக்கும். வெயிலைவிட ஒரு ஸ்டாப் குறைவு என்றால் எஃப் 8-க்குரிய ஒளி; 18-ஐ 8-ஆல் வகுத்தால் சரியாக 2.25. அதாவது ஃபிளாஷ் தன் முழு பலத்தையும் ஒவ்வொரு படத்துக்கும் கக்கிக்கொண்டிருக்கும். அதே இடத்தில் இரு வீட்டாரையும் சேர்த்து எட்டுப் பேரைத் தலைமுதல் கால்வரை எடுக்கச் சொன்னால், இந்த ஃபிளாஷால் குடையோடு அது முடியாத காரியம்; குடையைக் கழற்றிவிட்டு நேரே அடிக்க வேண்டும், அல்லது இதைவிடப் பெரிய விளக்குக்குப் போகவேண்டும். வாங்குமுன் வாசகர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான்: எத்தனை பேரை, எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கப்போகிறேன்?

பின்னணியை மங்கவைக்கும் ஆசை

எஃப் 11-இல் கடல்முதல் கரைவரை எல்லாம் கூர்மையாக விழும். முகம் மட்டும் தெளிந்து பின்னணி கரைந்து நிற்கவேண்டும் என்று விரும்பி அபெர்ச்சரை எஃப் 2.8-க்குத் திறப்பவர், வெயிலைச் சமாளிக்க ஷட்டரை 1/3200-க்கு உயர்த்தவேண்டும். அது சிங்க் ஸ்பீடைத் தாண்டிவிடுகிறது. இதற்காகவே ஹை ஸ்பீடு சிங்க் என்ற ஏற்பாடு உண்டாயிற்று. 1986-இல் ஒலிம்பஸ் நிறுவனம் எஃப்280 ஃபிளாஷோடு கொணர்ந்த இந்த முறையில், ஃபிளாஷ் ஒரே மின்னலாக மின்னாமல், ஷட்டரின் கீற்று சென்சாரைக் கடந்து முடியும்வரை இடைவிடாது துடித்துக்கொண்டே இருக்கிறது.

இந்த வசதிக்குரிய விலை பலத்தில் கழிக்கப்படுகிறது. துடிக்கும் ஒளியில் சுமார் இரண்டு ஸ்டாப் முதலிலேயே போய்விடும். அதற்குமேல் ஷட்டரை இரட்டிக்கும்போதெல்லாம் ஒரு ஸ்டாப் வீதம் குறைந்துகொண்டே வரும். நம் 36 எண்ணுள்ள ஃபிளாஷ் 1/3200-இல் குடையில்லாமலேயே 1.6 மீட்டர்தான் எட்டும். குடை மாட்டினால் அதிலும் பாதி. ஆகவே ஹை ஸ்பீடு சிங்க் இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருப்பதைக் கண்டே திருப்தியடைபவர், நண்பகலில் ஏமாற்றமடைவது நிச்சயம். இதற்கு மாற்றாக, லென்ஸின் முன் நான்கு ஸ்டாப் குறைக்கும் என்.டி. ஃபில்டர் ஒன்றை மாட்டினால் வெயிலும் ஃபிளாஷும் ஒரே விகிதத்தில் குறைவதால், 1/200-லேயே எஃப் 2.8-ஐ உபயோகித்து ஃபிளாஷின் முழு பலத்தையும் பெறலாம். கண்ணாடிவழிப் பார்க்கும் காமிராக்களில் காட்சி இருண்டு ஃபோகஸ் செய்வது சிரமமாகும் என்பதே அதன் குறை.

இந்த வகைப் படங்களையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு, காமிராவின் தலையில் மாட்டும் ஃபிளாஷை விட்டுவிட்டு, பாட்டரியில் இயங்கும் பெரிய விளக்குகளுக்குப் போவதே சிக்கனம். மாட்டும் ஃபிளாஷ்களின் ஆற்றல் சுமார் 60 முதல் 80 வாட்-செகண்டு. கோடாக்ஸ் ஏடி200 போன்ற கைக்கடக்கமான விளக்கு 200 வாட்-செகண்டும், ஏடி600 போன்றது 600 வாட்-செகண்டும் தருகின்றன. பின்னதன் எடை இரண்டரைக் கிலோவுக்கு மேற்படும் என்பதையும், அதைச் சுமக்க ஓர் உதவியாளர் வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

காமிராவை விட்டுப் பிரிந்து மின்னும் வசதி

கூரையோ சுவரோ இல்லாத வெளியில், ஃபிளாஷின் தலையை மேலே திருப்பி ஒளியைத் தெறிக்கவிடும் வித்தைக்கு இடமில்லை. அங்கே நல்ல ஒளி பெறுவதற்கு ஒரே வழி, ஃபிளாஷைக் காமிராவிலிருந்து பிரித்துப் பக்கவாட்டில் வைப்பதுதான். பிரித்து வைத்த ஃபிளாஷுக்குச் செய்தி அனுப்ப இரண்டு முறைகள் உண்டு. ஒளியாலோ அகச்சிவப்புக் கதிராலோ ஏவும் பழைய முறை அறைக்குள் சமர்த்தாக வேலை செய்யும். வெயிலில் அதன் கண் கூசிவிடுவதால் பத்தில் சில தடவை மின்னும், சில தடவை மின்னாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ முறைக்கு வெயிலும் ஒன்றுதான், நிழலும் ஒன்றுதான். குடைக்குப் பின்னால் மறைந்திருந்தாலும் செய்தி போய்ச் சேரும். ஆகவே ரேடியோ ரிசீவர் உள்ளேயே அமைந்த ஃபிளாஷையும், காமிராவிலிருந்து அதற்குச் செய்தி அனுப்பப் பொருந்தும் டிரிக்கரையும் சேர்த்தே வாங்கவேண்டும்.

டி.டி.எல். என்னும் தானியங்கி முறை, லென்ஸின் வழியே ஒளியை அளந்து ஃபிளாஷின் பலத்தைத் தானே தீர்மானிக்கிறது. ஆட்கள் நடந்து நகர்ந்துகொண்டிருக்கும் கல்யாண வீட்டில் அது பெரும் உதவி. நிறுத்தி எடுக்கும் உருவப்படத்திலோ தூரம் மாறுவதில்லை. மணமகள் வெள்ளைச் சேலையிலிருந்து கரும்பச்சைக்கு மாறி வந்தால், முகத்துக்கு வேண்டிய ஒளி மாறாதிருந்தும் டி.டி.எல். தன் அளவை மாற்றிக்கொள்ளும்; பலத்தை நாமே அமைக்கும் மேனுவல் முறையில் வைத்த ஃபிளாஷ் மாற்றிக்கொள்ளாது. எனவே மேனுவலை மட்டும் கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவர், விலை குறைந்த ஃபிளாஷிலேயே இந்த அத்தியாயத்தில் சொன்ன அனைத்தையும் சாதிக்கலாம். ஆனால் வாங்குமுன் தம் காமிராவோடு பொருந்துமா என்று விசாரிக்க வேண்டும்: கேனான் 2019-இல் வெளியிட்ட 200டி மார்க் 2 போன்ற சில காமிராக்களில் ஃபிளாஷை மாட்டும் ஹாட் ஷூவில், எல்லா நிறுவன ஃபிளாஷ்களுக்கும் பொதுவான நடுமுனை கிடையாது, பிற நிறுவனங்களின் மேனுவல் ஃபிளாஷ் அதில் மின்னாது.

பாட்டரியும் வெப்பமும்

வெளியிடத்தில் ஃபிளாஷ் அடிக்கடி முழு பலத்தில் வேலை செய்வதால் பாட்டரியின் தரம் அற்ப விஷயமல்ல. நான்கு டபுள் ஏ செல் போடும் ஃபிளாஷுக்குக் கடிகாரத்துக்குப் போடும் சாதாரணச் செல்கள் உதவா. எனலூப் போன்ற, சும்மா வைத்திருந்தாலும் மின்சாரம் எளிதில் வடியாத நிக்கல் ரீசார்ஜபிள் செல்களையே போடவேண்டும். லித்தியம் பாட்டரியோடு வரும் ஃபிளாஷ்கள் முழு பலத்தில் மின்னிய பின் சுமார் ஒன்றரை விநாடியில் மறுபடி தயாராகின்றன. செல் போட்டவை அதைப்போல் இருமடங்கும் அதற்கு மேலும் காக்கவைக்கும். சிரிக்கச் சொன்ன மனிதர் சிரித்த முகத்தோடு நான்கு விநாடி காத்திருக்க மாட்டார்.

தொடர்ந்து முழு பலத்தில் அடித்தால் ஃபிளாஷின் தலை சூடேறி, தற்காப்புக்காகத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நின்றுவிடும். சித்திரை வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நேரும். ஆகையால் தேவைக்குச் சரியாகப் பலமுள்ள ஃபிளாஷைவிட, ஒரு ஸ்டாப் மிகுதியாக உள்ளதை வாங்கிப் பாதி பலத்தில் உபயோகிப்பதே நீடித்து உழைக்கும். மாலைப்பொழுதில் எடுப்பவர்கள் ஆரஞ்சு நிற ஜெல் தாள்களையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஃபிளாஷின் நிறம் சுமார் 5500 கெல்வின், நண்பகல் வெயிலுக்கு ஒத்தது. அஸ்தமன வேளையில் உலகமெல்லாம் மஞ்சள் பூசி நிற்கும்போது முகம் மட்டும் நீலம்பாரித்துத் தெரியாமலிருக்க அந்த ஜெல் தாள் தேவை.

கடையில் பரீட்சித்தல்

புதியதாயினும் பழையதாயினும், முழு பலத்தில் பத்துத் தடவை அடித்துப் பார்த்து, மறுபடி தயாராகும் நேரம் ஒரே சீராக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். செகண்டு ஹாண்டாக வாங்குவோர் முகப்புப் பிளாஸ்டிக்கில் பழுப்பேறிய கருகல் இருக்கிறதா, ஜூம் செய்யும்போது தலைக்குள் மோட்டார் தடையின்றி நகர்கிறதா, அடிப்பூட்டு ஆடாமல் பிடிக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். நீண்டநாள் சும்மா கிடந்த ஃபிளாஷின் கண்டென்சர் பலம் குன்றியிருக்குமாதலால், முதல் சில மின்னல்களைக் கொண்டு அதை எடைபோட்டுவிடக் கூடாது. ஃபிலிம் காலத்து விவிட்டார் 283-இன் ஆரம்ப வார்ப்புகள் போன்ற சிலவற்றின் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் இருப்பதுண்டு. மல்டிமீட்டரால் அளக்காமல் இன்றைய காமிராவில் அவற்றை மாட்டுவது காமிராவுக்கு ஆபத்து.

கடற்கரையிலும் மலைமேலும் வேலை செய்பவர்கள் குடையை விரிக்கும்போது காற்றை மறக்கலாகாது. ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டுவதோ, ஓர் ஆள் பிடித்துக்கொண்டு நிற்பதோ இல்லாமல் விரித்த குடை, ஃபிளாஷையும் சேர்த்துக்கொண்டு சாயும்.

முடிவாக, வெளிப்புற உருவப்படத்துக்கென்று முதல் ஃபிளாஷ் வாங்குபவர் கவனிக்கவேண்டிய வரிசை இது: 35 மி.மீ. நிலையில் 34-க்குக் குறையாத கைடு நம்பர், அதற்கடுத்து உள்ளமைந்த ரேடியோ, அதற்கடுத்து லித்தியம் பாட்டரி, பிறகுதான் ஹை ஸ்பீடு சிங்க், கடைசியில் டி.டி.எல். பெரிய நிறுவனத்தின் மிக உயர்ந்த ஃபிளாஷை வாங்கிக் காமிராவின் தலையிலேயே மாட்டி வைத்திருப்பவரைவிட, நடுத்தர விலை ஃபிளாஷ் ஒன்றும், டிரிக்கரும், ஸ்டாண்டும், ஒரு வெள்ளைக் குடையும் வாங்கியவர் நல்ல படம் எடுப்பார். கையிலுள்ள பணத்தை இந்த நான்குக்கும் பங்கிட்டு வைத்துக்கொண்ட பிறகே கடைப்படி ஏறுங்கள்.